உள்ளே இருவர், வெளியே ஒருவர்

பறவைகளுக்குக் கணக்கு வராது. கூட்டுக்கு எதிரே கூடாரம் போட்டு அதற்குள் ஒரு ஆள் போய் உட்கார்ந்துகொண்டால், ஆள் உள்ளேயேதான் இருக்கிறான் என்று தாய்ப்பறவைக்குத் தெரியும். அது கூட்டுப் பக்கமே வராது. அதுவே இரண்டு பேராக உள்ளே போய், ஒருவர் மட்டும் வெளியே வந்து, அதன் கண்ணில் படும்படி நடந்து தூரமாகப் போய்விட்டால், வந்த தொல்லை தொலைந்தது என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிடும். உள்ளே மிச்சமிருக்கிறவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்கலாம். காட்டுக்குப் போய்க் கூட்டைப் படம் எடுக்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சின்ன ஏமாற்று வேலை இது.

எங்கள் தெருத் தையற்காரம்மா கல்யாணம் ஆனதிலிருந்து பார்த்துவந்தது, அந்த வெளியே வருகிற ஆளின் வேலை. உள்ளே இருப்பவர் அவள் கணவர்.

அவருக்குத் தெருவோரமாக மூக்குக்கண்ணாடிக் கடை. கடைக்கு நடுவில் ஒரு திரை, திரைக்குப் பின்னால் அவளுடைய தையல் மெஷின். முன்னால் "மேல் வரியைப் படிங்க, இப்ப அடுத்த வரி" என்று அவர் குரல் மெல்லக் கேட்கும். பின்னால் "இடுப்பைப் பிரிச்சுவிட இதுக்கு மேல துணி இல்லம்மா, நீங்கதான் கொஞ்சம் மனசு வைக்கணும்" என்று அவள் குரல் தெருவுக்கே கேட்கும். புதுத் துணி அவள் தைப்பதில்லை. பிரிப்பது, பிடிப்பது, ஜிப் மாற்றுவது, ஓரம் மடித்து அடிப்பது. ஊர்க்காரர்களின் இடுப்பளவு கூடுவதும் குறைவதும் டாக்டருக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

"ஊருக்கெல்லாம் கண் பாக்குறாரு, கட்டினவ மட்டும் கண்ணுல பட மாட்டேங்குறா" என்பாள்.

"ரொம்பக் கிட்டத்துல இருக்கிறது தெளிவா தெரியாதும்மா. அது வயசுக் கோளாறு. அதுக்குத் தனிக் கண்ணாடி போடணும்" என்பார் அவர், திருகாணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கூடாரத்தைத் தைத்தவளும் அவள்தான். தார்ப்பாயும் பழைய ஜன்னல் திரையும் சேர்த்து, பாறை நிறம் வருவதற்காகத் தேயிலைச் சாற்றில் ஊறப்போட்டுக் காயவைத்தது. சட்டைக்குக் கை வைப்பது மாதிரி லென்ஸுக்கும் ஒரு கை வைத்து, மணிக்கட்டு வரும் இடத்தில் எலாஸ்டிக் போட்டிருந்தாள். லென்ஸைத் திருப்பினால் துணியும் கூடவே திரும்பும். இடுக்கு வழியாக வெளிச்சம் வராது. இருவரும் அதற்கு வைத்த பெயர் 'மாமியார் வீடு'. உள்ளே போனால் இருமக் கூடாது, தும்மக் கூடாது, காலை நீட்டக் கூடாது, வாயைத் திறக்கவே கூடாது. அவளுடைய உண்மையான மாமியார் பாவம், அப்படி ஒன்றும் கடுமையானவர் இல்லை. பெயர் என்னவோ ஒட்டிக்கொண்டுவிட்டது.

வெளியேறுவதில் ஒரு கலை இருக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும். பறவை எங்கிருந்து பார்க்கிறது என்பது தெரியாது, அதனால் எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி நடக்க வேண்டும். கையை வீச வேண்டும். சரளைக் கல்லில் செருப்பைத் தேய்க்க வேண்டும். முக்கியமாகச் சத்தம் வேண்டும். ஆரம்பத்தில் பாடிப் பார்த்தாள், தனக்கே பிடிக்கவில்லை. பிறகு ஒருநாள் தற்செயலாக அவரைத் திட்டிக்கொண்டே நடந்தாள். வாகாக அமைந்துவிட்டது. "ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது! உங்க அக்கா போன் பண்ணா எங்கிட்ட குடுத்துட்டு ஓடிடுறீங்களே, உங்க அக்காவா எங்க அக்காவா?" என்று குன்று எதிரொலிக்கக் கேட்டுக்கொண்டே இறங்குவாள். கூடாரத்துக்குள் அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருப்பார். பதில் சொல்ல வழியில்லை. உலகத்தில் எந்த மனைவிக்கு இப்படி ஒரு சௌகரியம் கிடைக்கும் என்று அவள் மகளிடம் கேட்டிருக்கிறாள்.

மகள் வெளியூரில் வேலை பார்க்கிறாள். "நீங்க ரெண்டு பேரும் சண்டை போட மலை ஏறிப் போறீங்க, போற வழியில ஒரு பறவை இருக்கு, அவ்வளவுதான்" என்பது அவள் கட்சி.

ஆந்தை, வல்லூறு, தேன்பருந்து என்று அவர் எடுத்த படங்கள் கடைச் சுவர் முழுக்க இருந்தன. அவற்றில் ஒரு கூட்டைக்கூட அவள் கிட்டத்தில் பார்த்ததில்லை. பார்க்க முடியாது என்பதுதான் வேலையே. கூட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறவள். திரும்பிப் பார்த்தால் பறவைக்குச் சந்தேகம் வரும். இத்தனை வருஷத்தில் அவள் பார்த்ததெல்லாம் பாதைதான். அதைப் பெரிய குறையாக அவள் சொன்னதில்லை. கேட்டவர்களும் இல்லை.

இந்த வருஷம் ராஜாளி வந்தது.

ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட ஒரு கல்குவாரி. பாறையை வெட்டி வெட்டி நடுவில் பெரிய பள்ளம் விழுந்து, அடியில் பச்சைத் தண்ணீர் நிற்கும். எதிர்ச் சுவரில் ஆள் எட்டாத உயரத்தில் ஒரு திட்டு. அதில் ஒரு ராஜாளி ஜோடி சுள்ளி அடுக்கிக் கூடு கட்டியது. அந்தப் பக்கத்தில் அது கூடு வைத்து யாரும் பார்த்ததில்லை. மிக அரிது; மிகக் கூச்சம். ஒரு தடவை பயந்தால் முட்டையோடு கூட்டை விட்டுப் போய்விடுகிற இனம்.

அனுமதி தந்த வனத்துறை ரேஞ்சர் ஒரு பெண். சிரிக்காமல் பேசுகிறவர். "கூடாரத்தை முதல்ல ரொம்ப தூரத்துல போடுங்க. அது பழகின பிறகு கொஞ்சம் கொஞ்சமா முன்னால கொண்டுபோங்க. ரெண்டு பேரா போகணும், ஒருத்தர் வந்துடணும். உள்ள ஆள் இருக்குன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா நான் கூடாரத்தைப் பிரிச்சுடுவேன், சார். படத்தை இன்னொரு வருஷம் எடுக்கலாம். குஞ்சு ஒண்ணே ஒண்ணுதான் பொரியும்போல இருக்கு."

அவர் தலையாட்டினார். அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு படம்: ஆண் இரையோடு வந்து இறங்க, பெண் வாங்கிக்கொள்ள, நடுவில் குஞ்சு. மூன்றும் ஒரே சட்டத்துக்குள். 'குடும்பப் போட்டோ' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். வாழ்நாளில் எந்த வேட்டைப் பறவையிடமும் அது அவருக்குக் கிடைத்ததில்லை.

கூடாரம் மெல்ல மெல்ல முன்னேறி, எதிர்ப் பாறை விளிம்பில் கடைசி இடத்துக்கு வந்து சேர்ந்தது. குஞ்சு பொரித்துவிட்டது என்று தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்த்துத் தெரிந்துகொண்டார். மறுநாள் கடையில் ஒரு கண்ணாடிச் சட்டத்தின் திருகாணி கீழே விழுந்தது. எறும்புகூடத் தூக்கிக்கொண்டு போய்விடும் அந்தத் திருகாணியை எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. வந்திருந்த வாடிக்கையாளர்தான் அவரைச் சாய்த்துப் படுக்கவைத்தார்.

"நடக்கலாம், படுக்கலாம். உட்கார மட்டும் கூடாது. அதுவும் காலை மடக்கி, அசையாமலா? நினைச்சுக்கூடப் பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

கடைத் தரையில் பாயைப் போட்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் இருப்பதன் வகைகள் எல்லாம் அவளுக்குத் தெரியும். மெஷினை நிறுத்திவிட்டுத் திரையை விலக்கினாள்.

"நான் உக்கார்றேன்."

"எங்க?"

"மாமியார் வீட்டுல."

"நீயா?"

"ஏன், இத்தனை வருஷமா நின்னுக்கிட்டா தைக்கிறேன்? உக்கார்றதுல எனக்கு மேல யாரு இருக்கா?"

"உக்கார்றது மட்டும் இல்லம்மா. பேசக் கூடாது."

இது நியாயமான கவலைதான். அவளும் சற்று யோசித்தாள். "குண்டூசியை வாயில வச்சுக்கிட்டு நாள் முழுக்க வேலை பாக்குறவ நான். வாயை மூடத் தெரியும்" என்றாள்.

வீட்டுக் கூடத்தில் பயிற்சி நடந்தது. கூடாரம் குவாரியில் இருந்ததால், சாப்பாட்டு மேஜை மேல் படுக்கை விரிப்பைப் போட்டு அதற்குள் அவளை உட்காரவைத்தார். பறவைக்குப் பதிலாக எதிர் ஜன்னல் கம்பியில் ஒரு குழிக்கரண்டி தொங்கியது. அவர் பாயில் படுத்தபடியே வகுப்பு எடுத்தார்.

"முழுசா மூச்சை விட்டுட்டு அமுக்கு. இழுக்கும்போது அமுக்கினா கை ஆடும். கண்ணுல போகஸ் வை."

"கரண்டிக்குக் கண்ணு எங்க இருக்கு?"

"காம்பு சேர்ற இடத்துல."

போனில் முகம் காட்டிக்கொண்டிருந்த மகள் சிரித்துப் புரண்டாள். "அப்பா, கரண்டி முட்டை போட்டா எனக்கும் சொல்லுங்க."

எடுத்த கரண்டிப் படங்களை அவர் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். முதல் நாள் எல்லாம் மங்கல். போகப் போகத் தேறியது. கடைசியில் கரண்டியின் குழியில் ஜன்னல் வெளிச்சம் தெரிவதுகூடத் தெளிவாக விழுந்தது. "பரவாயில்லை" என்றார். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை. அன்றைக்கு அவள் ஒரு பேண்ட்டுக்கு இரண்டு தடவை ஓரம் அடித்துவிட்டாள். மனசு மெஷினில் இல்லை.

விடிந்த கையோடு குவாரிக்குப் போனார்கள். வண்டியைக் கீழே, பழைய எடைமேடைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். செல்போன்கள் இரண்டும் வழக்கம்போல வண்டியிலேயே இருந்துவிட்டன. கையில் இருந்தால் கை சும்மா இருக்காது என்பது அவர் வைத்த சட்டம். லாரி போன பாதையில் ஏறினார்கள். கூட்டில் இருந்த தாய் எழுந்து பறந்தது. இருவரும் கூடாரத்துக்குள் நுழைந்தார்கள். முழங்காலில் நின்று, இடுப்பை வளைக்காமல் அவர் ட்ரைபாடைச் சரிசெய்து, லென்ஸைத் துணிக்கைக்குள் நுழைத்து, கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, அவள் காதில் "மூச்சு" என்று மட்டும் சொன்னார். பிறகு வெளியே போனார்.

அவள் கண்ணை வைத்தாள்.

சுள்ளிகள். அதன் மேல் யாரோ புதிதாகப் பறித்து வைத்த பச்சை இலைகள். அதன் நடுவில் பஞ்சை உருட்டி வைத்தது மாதிரி ஒரு குஞ்சு. ஒரு தலையாட்டல், ஒரு கொட்டாவி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. குண்டூசி இல்லாமலே உதட்டை மூடிக்கொண்டாள்.

காத்திருந்தாள். தாய் வரவில்லை.

குவாரியின் மேல் விளிம்பில், மொட்டைப் பாறை ஒன்றின் மீது அது உட்கார்ந்திருந்தது. பக்கவாட்டு இடுக்கு வழியாகப் பார்த்தால் தெரிந்தது. வெள்ளை மார்பு, அதில் பேனாவால் கோடு போட்டது மாதிரிக் கறுப்புக் கீற்றுகள். கழுத்தைத் திருப்பி அது பார்த்துக்கொண்டிருந்தது கூட்டை அல்ல, கூடாரத்தை.

அவர் எப்படிப் போனார் என்று அவள் அப்போதுதான் யோசித்தாள். ஜிப்பை ஒவ்வொரு பல்லாக மூடினார். சரளையில் கால் படாமல் மண்ணாகப் பார்த்து அடியெடுத்து வைத்தார். பாறையை ஒட்டி, நிழலோடு நிழலாக, தூங்குகிற குழந்தையின் அறையை விட்டு வெளியேறுகிறவர் மாதிரிப் போனார். அதை அவளும் இடுக்கு வழியாகப் பார்த்து, எவ்வளவு பக்குவம் என்று மெச்சிக்கொண்டாள். வாழ்க்கை முழுக்கச் சத்தம் போடாமல் இருக்கப் பழகிய மனுஷன். போவதற்காகப் போகிறோம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. அவர் போனதை அந்தப் பறவை பார்க்கவே இல்லை.

அதைப் பொறுத்தவரை கூடாரத்துக்குள் இன்னும் இரண்டு பேர்.

வெயில் ஏறியது. எதிர்ச் சுவரில் நிழல் ஒரு திரை நழுவுவது போலக் கீழிறங்கிக் கூட்டைத் தாண்டிப் போனது. இறகு முளைக்காத பிஞ்சுக்கு வெயில் ஆகாது. தாய் சிறகைக் குடையாகப் பிடித்து நிற்க வேண்டிய நேரம் அது. குஞ்சு வாயைத் திறந்துகொண்டு இளைத்தது. நகர்ந்து பச்சை இலைக்குள் தலையை நுழைக்கப் பார்த்தது, முடியவில்லை.

அவள் எழுந்து வெளியே போனால் தாய் வந்துவிடும். ஆனால் மேலே இருந்து அது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. வழக்கமாக நுழைந்த கையோடு வெளியே வருவது வேறு; இத்தனை நேரம் அசையாமல் கிடந்த துணிக்குள்ளிருந்து ஆள் முளைப்பதை அது ஒரு தடவை பார்த்துவிட்டால், பிறகு அந்தக் கூடாரம் என்றைக்கும் பாறையாகாது. ரேஞ்சர் பிரித்துவிடுவார். குடும்பப் போட்டோ இல்லை. அவர் வருஷக்கணக்காக மனசில் பார்த்துக்கொண்டிருந்த படம். அவளுக்கும் முதல் தடவையாகக் கிடைத்த இடம்.

அவருக்கே புரிந்து திரும்பி வந்துவிடுவார் என்று கொஞ்ச நேரம் நம்பினாள். அவர் வந்து, இருவருமாகச் சேர்ந்து போய்விட்டால், வந்த ஆட்கள் போனதாக அது எடுத்துக்கொள்ளும், கெட்டது ஒன்றும் இல்லை. பாதையைப் பார்த்தாள். யாரும் இல்லை. லென்ஸைப் பார்த்தாள். குஞ்சின் தலை சுள்ளி மேல் சாய்ந்தது. மறுபடி தூக்கும் என்று பார்த்தாள். தூக்கவில்லை.

ஜிப்பை ஒரே இழுப்பில் திறந்தாள்.

வெளியே வந்தவள் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் நடந்தாள். கையை வீசினாள். சரளையைச் சிதறடித்தாள். "போறதுன்னா போகத் தெரியாதா உங்களுக்கு? பூனை மாதிரி யாரு போகச் சொன்னது? வெளிய போற வேலை லேசுன்னு நினைச்சீங்களா இத்தனை நாளா? நான் தொண்டை கிழியக் கத்துனது வேலை இல்லாமலா?" குவாரி ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தடவை கேட்டது.

வளைவில் அவர் எதிரே வந்தார். ஒரு கை இடுப்பில், மற்ற கை பாறையில், முகமெல்லாம் வியர்வை.

"நீ எதுக்கு வெளிய வந்த?"

"நீங்க எதுக்கு இன்னும் உள்ளயே இருக்கீங்க?"

"நானா? நான் இங்கதானே நிக்கிறேன்!"

"அது கணக்குல நீங்க இன்னும் உள்ளதான் இருக்கீங்க. நீங்க போனதை அது பாக்கல."

"கீழ இருந்து பாத்தேன். வரலியேன்னு... அப்புறம்தான் உறைச்சுது. வேகமா ஏற முடியல" என்றார்.

"குஞ்சு சாஞ்சுடுச்சுங்க."

அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். முடிந்த வேகத்தில், முடிந்த அளவு சத்தமாக, சரளையைத் தேய்த்துக்கொண்டு இறங்கினார்கள். வண்டிக்கு வந்ததும் அவர் பைனாகுலரை எடுத்து அவளிடம் நீட்டினார். தன் கண்ணில் வைத்துக்கொள்ளத் தைரியம் இல்லை என்று நினைக்கிறேன்.

தாய் கூட்டில் இருந்தது. இரண்டு சிறகையும் பாதி விரித்து, பாதி திறந்த குடை மாதிரி நின்றது. கீழே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. அவள் கையில் பைனாகுலர் நடுங்கியது. மூச்சை முழுசாக விட்டாள். கை நின்றது. ரொம்ப நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவர் "என்ன? என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சிறகுக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளைத் தலை எட்டிப் பார்த்தது. கொட்டாவி விட்டது.

"இருக்கு" என்றாள். "கழுதை, கொட்டாவி விடுது."

வண்டியில் வரும்போது, சாய்த்த இருக்கையில் படுத்தபடி அவர் சொன்னார்: "போதும்மா. பிரிச்சுடலாம். என்னோட தப்பு."

"தப்பு உங்களுதுதான். அதுல சந்தேகமே இல்ல."

"ரேஞ்சர்கிட்ட நானே சொல்லிடுறேன்."

"சொல்லுங்க. ஆனா பிரிக்க வேண்டாம்னு நான் கேப்பேன். அந்தப் படம் எனக்கு வேணும்." கொஞ்சம் பொறுத்துச் சேர்த்துக்கொண்டாள். "உங்களுக்காக இல்ல."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். இடுப்பு அனுமதித்த அளவுக்கு.

ரேஞ்சர் அலுவலகத்தில் நடந்ததை நடந்தபடி சொன்னார்கள். யாரும் கேட்டிருக்கப்போவதில்லை, மறைத்திருக்கலாம். ரேஞ்சர் மேஜையில் விரலால் தட்டிக்கொண்டு கேட்டார்.

"நீங்களா வெளிய வந்தீங்களாம்மா? சாரைக் கூப்பிடாம?"

"உள்ளேர்ந்து கூப்பிட்டா தாய் மிரண்டுடும். கேட்டிருந்தாலும், அவர் வந்து சேர்றதுக்குள்ள அது வெந்துபோயிருக்கும்."

ரேஞ்சர் கூடாரத்தைப் பிரிக்கச் சொல்லவில்லை. குஞ்சுக்கு இறகு முளைக்கும்வரை யாரும் மேலே போகக் கூடாது. கூடாரம் காலியாகவே கிடக்கட்டும், தாய்ப்பறவை மறந்தால் மறக்கட்டும் என்றார். அதன் பிறகு ஒரே ஒரு தடவை. தான் கீழே நின்று பார்ப்பதாகச் சொன்னார். தாய் தயங்கினால் அத்தோடு முடிந்தது. எழுந்தபோது, "சார், நடக்குறதைக் கத்துக்குங்க" என்றார். அப்போதும் சிரிக்கவில்லை.

இந்தத் தடவை பயிற்சி அவருக்கு. கடையை அடைத்த பிறகு சந்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் அவரை நடக்கவிட்டாள். கை வீச்சு வந்துவிட்டது. செருப்பைத் தேய்ப்பதும் வந்துவிட்டது. குரல்தான் வரவில்லை. "மேல் வரியைப் படிங்க" என்கிற குரலிலேயே திட்டினார்.

"இப்படித் திட்டினா எனக்கே தூக்கம் வருது. பறவை என்ன பண்ணும்?"

"திட்ட விஷயம் வேணாமா?"

"என்னைத் திட்ட உங்களுக்கு விஷயமே இல்லையா?"

"நிறைய இருக்கு. வரிசையா ஞாபகத்துக்கு வர மாட்டேங்குது."

குஞ்சுக்குப் பஞ்சு உதிர்ந்து பழுப்பு இறகு வந்தது என்று ரேஞ்சரே போன் செய்து சொன்னார். போனார்கள். கூடாரத்தின் மேல் பறவை எச்சம் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. அதுதான் நல்ல சகுனம் என்று அவர் சொன்னார். பாறையென்று நினைத்தால்தான் அப்படிச் செய்யும். அவளை உள்ளே வைத்துவிட்டு அவர் கிளம்பினார்.

முதல் சில அடிகள் அதே பூனை. பிறகு செருப்பு சரளையில் தேய்ந்தது. தொண்டையைச் செருமினார்.

"சாவியை..." என்று மெல்லத் தொடங்கினார். "சாவியை வச்ச இடத்துல வைக்க விடுறியா நீ! எங்க வச்சாலும் இடம் மாத்துற! தையற்காரி வீட்டுல எவன் சட்டைக்காவது பட்டன் இல்லாம இருக்குமா? எனக்கு இருக்கு! கேட்டா வரிசையில நில்லுங்கன்னு சொல்ற! புருஷனுக்கு எதுக்குடி வரிசை?"

குவாரி அதிர்ந்தது. அவள் உள்ளே உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்தச் சட்டையை அவள் எடுத்து வைத்து ரெண்டு வாரமாகிறது, பட்டன் நிறம் கிடைக்கவில்லை. அதைச் சொல்ல வழியில்லை. "எங்க அக்கா போன் பண்ணா உன் பேரைச் சொல்லித்தான் கேக்குறா, எங்கிட்ட பேச அவளுக்கே பிடிக்கல, அதுக்கு நான் என்ன பண்றது!" என்று வளைவுக்கு அப்பாலிருந்து வந்தது. வரிசையாக ஞாபகம் வந்துவிட்டது போல. வண்டிக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் கேட்டது. யாரோ "போதும் சார்" என்றது ரேஞ்சர் குரல் மாதிரி இருந்தது.

தாய் கூட்டில் வந்து இறங்கியது. கூடாரத்தை ஒருமுறை பார்த்தது. பிறகு குனிந்து ஒரு சுள்ளியை இந்தப் பக்கத்திலிருந்து எடுத்து அந்தப் பக்கம் வைத்தது. திருப்தி இல்லை, மறுபடி எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தது. தைத்ததைப் பிரித்துத் திரும்பத் தைக்கிற ஆள் என்று அவளுக்குப் பட்டது. குஞ்சு இப்போது தாயில் பாதி இருந்தது. சிறகைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, எங்கே பறந்துவிடப்போகிறோமோ என்று தானே பயந்து மடக்கிக்கொண்டது.

கால் மரத்தது. மூக்கு அரித்தது. பொறுத்துக்கொண்டாள்.

ஆண் வந்தது தெரியவே இல்லை. ஒரு நிழல் விழுந்தது, தாய் தலையைத் தூக்கியது, ஒரு புறாவோடு அது திட்டின் விளிம்பில் நின்றது. பெண்ணைவிடச் சிறியது, கொஞ்சம் அவசரக்காரன். பெண் கழுத்தை நீட்டியது. குஞ்சு நடுவில் புகுந்தது. அவள் மூச்சை முழுசாக விட்டாள். அமுக்கினாள். ஷட்டர் சத்தத்துக்கு மூன்றும் ஒரே சமயத்தில் லென்ஸைப் பார்த்தன. மறுபடி அமுக்கினாள். ஆண் போய்விட்டது. பெண் புறாவைக் கிழிக்க ஆரம்பித்தது. அதை அவள் படம் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

கடைக் கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கி அவர் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் பின்னால் நின்றாள். தைத்துக் கொடுத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிறவர்கள் வாயைத் திறப்பதற்கு முன் ஒரு மௌனம் வரும். அது எந்த வகை என்று அவள் கணித்துவிடுவாள். இது எந்த வகை என்று தெரியவில்லை.

"மூணு ஜோடிக் கண்ணும் போகஸ்ல இருக்கு" என்றார் கடைசியில்.

"அவ்வளவுதானா?"

"கொஞ்சம் இடப்பக்கம் சாஞ்சிருக்கு."

"பாறை சாஞ்சிருந்தா நான் என்ன பண்றது?"

அதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார்கள். கண் பரிசோதனைக்கு வந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "நல்ல கொழுத்த கோழி" என்றார். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "வாங்க, உக்காருங்க. முதல்ல உங்க கண்ணைப் பாக்கணும்" என்றார்.

குஞ்சு பறந்துவிட்டது. இடுப்பு சரியாகிவிட்டது. பெட்டியில் மடித்து வைத்த கூடாரத்தை அவர் எடுத்துத் தூசி தட்டியபோது, அடுத்த வருஷம் உள்ளே யார் என்ற பேச்சு வந்தது. அவர் நான் என்றார். அவள் நான் என்றாள். போகிறதுக்கு ஆள் இல்லை. கொஞ்ச நேரம் சண்டை போட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. அவள் டேப்பை எடுத்து அவர் தோளையும் தன் தோளையும் சேர்த்து அளந்தாள். இரண்டு பேர் உட்காரும்படி பக்கவாட்டில் பிரித்து அகலம் கொடுக்கத் துணி போதும்.

"அப்ப வெளிய யாரு போவா?" என்றார்.

மகளுக்குப் போன் போட்டார்கள். மூன்று பேர் உள்ளே போய் ஒருத்தி மட்டும் வெளியே வர வேண்டும், பறவைக்கு எல்லாம் ஒன்றுதான் என்று விளக்கினார்கள்.

"அதாவது, உங்க ரெண்டு பேரையும் உள்ள உக்காரவச்சுட்டு, நீங்க பதிலே பேச முடியாத மாதிரி, மலை முழுக்கக் கேக்குற மாதிரி, நான் திட்டிக்கிட்டே போகணும்?"

"ஆமா" என்றார்கள் இருவரும்.

"லீவு போட்டுட்டு வர்றேன்" என்றாள் மகள்.